பேட்டரி இறக்கியவர்

ராத்திரி ஒன்றரை மணி இருக்கும். ஊரைத் தாண்டி, இரண்டு பக்கமும் வெட்டவெளி, நடுவில் நேராக ஓடும் ரோடு. விளக்குக் கம்பம் உண்டு... விளக்கு கிடையாது. ரோட்டோரமாக ஒரு பழைய கார். உள்ளே ஒரே ஒரு ஆள்.

யாராவது அந்தக் கதவைச் சாத்துங்கள். காற்றில் அது அடித்துக்கொண்டே இருந்தால் எனக்குச் சொல்ல வராது.

ம். அந்த ஆள் என் சிநேகிதனுடைய சித்தப்பா. சிநேகிதன் இதை என்னிடம் ஒரே தடவைதான் சொன்னான். எதற்கெடுத்தாலும் சிரிக்கிறவன், இதைச் சொல்லும்போது ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை. அதனால்தான் நம்பினேன்.

சித்தப்பாவுக்கு இன்சூரன்ஸ் கம்பெனியில் உத்தியோகம். வண்டி மோதிவிட்டது, நஷ்டஈடு கொடுங்கள் என்று கேட்டு வருகிறவர்களை நேரில் போய்ப் பார்க்கவேண்டும். நடந்தது நிஜ விபத்தா, ஜோடித்த விபத்தா என்று கண்டுபிடிக்கவேண்டும். ஆள் வாயைத் திறக்கும் முன்பே பொய்யின் வாசனை அவருக்கு வந்துவிடும் என்று ஆபீஸில் பேர். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. அன்றைக்கும் எங்கேயோ மோதி நின்ற லாரியைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். கண் சொக்கியது. வண்டியை ஓரம் கட்டி, எஞ்சினை நிறுத்தி, சீட்டைச் சாய்த்துக்கொண்டார்.

எழுந்து சாவியைத் திருப்பினால்... டக்.

மறுபடி திருப்பினார். டக். அவ்வளவுதான். எதிரே எரிந்த சிவப்பு விளக்கு மங்கி, இன்னும் மங்கி, அணைந்தே போயிற்று.

அப்போது அவர் மனசில் முதலில் வந்தது பயம் இல்லை. கோபம். "கிழவர் நேத்து ராத்திரியும் வந்து உக்காந்திருக்கார்," என்று வாய்விட்டே சொன்னார். சொல்லி முடித்த பிறகுதான் நினைவு வந்தது.

கிழவர் செத்து ரெண்டு மாசம்.

ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாராம். ஈ காக்கை இல்லாத ரோடு. யாரும் பார்க்கவில்லை, யாரும் கேட்கவில்லை. ஆனாலும் காது மடல் இரண்டும் சுட்டது என்றார். நாலு பேர் நடுவில் வேட்டி அவிழ்ந்தவன் மாதிரி... அப்படி ஒரு கூச்சம்.

கிழவர் என்றது அவர் மாமனாரை. சித்தியுடைய அப்பா. அந்தக் காரே அவருடையதுதான். பெண்டாட்டி போய், கண் பார்வையும் மங்கியபோது, கார் சாவியை மாப்பிள்ளை கையில் கொடுத்துவிட்டு மகள் வீட்டோடு வந்துவிட்டார். "அப்பா காரைக் குடுத்தார், கூடவே தன்னையும் இலவசமா குடுத்துட்டார்" என்று சித்தி வேடிக்கையாகச் சொல்லுவாள். அவரும் சிரிப்பார். சிரித்தால் இருமல் வரும்.

அந்த இருமல்தான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம்.

மூன்றாவது மாடி வீடு. லிஃப்ட் கிடையாது. பிள்ளைகள் ஓர் அறையில், இவர்கள் ஓர் அறையில், பெரியவருக்கு ஹால். படுத்தால் நெஞ்சு இழுக்கும், இருமல் தொடங்கினால் நிற்காது. பிள்ளைகளுக்குப் பரீட்சை. சித்தப்பா ஒன்றும் சொல்லவில்லை. புரண்டு படுப்பார், அவ்வளவுதான். ஆனால் கட்டில் கிறீச்சிடும் சத்தம் ஹால் வரைக்கும் கேட்கும். பெரியவர் புரிந்துகொண்டார். ராத்திரியில் ஹாலில் மாட்டியிருக்கும் கார் சாவியை எடுத்துக்கொண்டு, தாழ்ப்பாளைப் பூனை மாதிரி நகர்த்தி, சுவரைத் தடவித் தடவிப் படி இறங்கி, கீழே நிற்கும் தன் காரில் போய் உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு... இருமித் தீர்த்துவிட்டு வருவார். அது தனக்குத் தனி ரூம் என்பார்.

கொஞ்ச நாளில் பேட்டரி இறங்க ஆரம்பித்தது.

திங்கட்கிழமை காலையில்தான் அப்படி ஆகும். சனி, ஞாயிறு வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். திங்கள் காலையில் செத்துக் கிடக்கும். சித்தப்பா புது பேட்டரி வாங்கிப் போட்டார். அதுவும் இறங்கியது. புது பேட்டரி, வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது, அப்படியானால் கோளாறு வண்டியில் இல்லை... ஆளில்தான் இருக்கிறது. அவர் தொழிலில் கணக்கு இப்படித்தான் போகும். ராத்திரி காரில் உட்கார்ந்து லைட்டைப் போட்டுவிட்டு அணைக்க மறந்துவிடுகிறார் என்று முடிவு கட்டிவிட்டார்.

"நான் லைட்டே போடறதில்லைங்க மாப்பிள்ளை," என்றார் பெரியவர். "இருட்டுலதான் உக்காந்திருக்கேன். இருமறதுக்கு எதுக்கு வெளிச்சம்?"

சித்தப்பா நம்பவில்லை. நம்பாமல் இருப்பதற்குத்தானே அவருக்குச் சம்பளம். ஹாலில் இருந்த சாவியை எடுத்துத் தன்னிடமே வைத்துக்கொண்டார். அந்த வாரம் தினமும் வெளியூர் வேலை, வண்டி ஒரு நாள்கூட ஓயவில்லை, ஒவ்வொரு காலையும் ஒரே திருப்பில் கிளம்பியது. "பார்த்தியா?" என்று சித்தியைக் கேட்டார். நிரூபணம் ஆகிவிட்டது. சித்தி பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே இருந்தாள்.

பிறகு சேர்ந்தாற்போல விடுமுறை வந்தது. வண்டி நின்றது. விடுமுறை முடிந்த காலையில்... டக்.

அப்படியானால் கிழவரிடம் இன்னொரு சாவி இருக்கவேண்டும்.

கீழே, வண்டி நிறுத்தும் இடத்தில், ஆபீஸுக்குக் கிளம்புகிற நாலு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது, சித்தப்பா தன் மாமனாரைப் பாக்கெட்டைக் காட்டச் சொன்னார். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஆபீஸ் குரலில், மரியாதையாக, "கொஞ்சம் எடுத்துக் காட்டுங்க" என்றார். அந்த மரியாதைதான் பிற்பாடு அவரைத் தூங்கவிடாமல் பண்ணியது. பெரியவர் சட்டைப்பையை வெளியே இழுத்துக் காட்டினார். அப்புறம் கால்சட்டைப் பையையும். ஒரு கைக்குட்டை. நாலைந்து புதினா மிட்டாய். கைக்குட்டை மடிப்பில் கொஞ்சம் சிவப்பு. அதை மட்டும் அவர் சட்டென்று மூடிக்கொண்டார்.

சாவி இல்லை. எங்கேயோ ஒளித்து வைத்திருக்கிறார் என்றார் சித்தப்பா.

அன்றிலிருந்து பெரியவர் கார் நிற்கும் பக்கமே போகவில்லை. இருமல் வந்தால் படியில் போய் உட்கார்ந்துகொள்வார். இரண்டாவது மாடித் திருப்பத்தில், ஜன்னல் இல்லாத அந்தச் சிமெண்டுப் படியில், வாயில் துண்டை அழுத்திக்கொண்டு. மழைக்காலம். மாடிச் சுவரில் தண்ணீர் கசியும். அந்தக் குளிர் நெஞ்சுக்குள் இறங்கி, ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் கிடந்து, போய்ச் சேர்ந்தார்.

இப்போது அந்த ரோட்டுக்கு வாருங்கள்.

விடிகிற நேரத்தில் ஒரு வேன்காரன் தன் பேட்டரியிலிருந்து வயர் கொடுத்து வண்டியைக் கிளப்பிவிட்டான். சித்தப்பா வீட்டுக்கு வந்தார். ஏன் நேரம் ஆயிற்று என்று சித்தி கேட்டதற்கு, பேட்டரி இறங்கிவிட்டது என்றார். சித்தி கையில் இருந்த டம்ளரை வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"இப்ப யார் பாக்கெட்டைப் பார்க்கப் போறீங்க?" என்றாள்.

டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இங்கேதான் விஷயம். சித்தப்பாவுக்கு முன்னால் இரண்டே வழி. வண்டியில் கோளாறு என்றால், அவர் ஒரு நிரபராதியை நாலு பேர் முன்னால் திருடன் மாதிரி நிறுத்தியிருக்கிறார். இல்லை... கிழவர்தான் இன்னும் ராத்திரியில் வந்து காரில் உட்காருகிறார் என்றால், அன்றைக்கும் அவர்தான் இறக்கியிருக்கவேண்டும். சித்தப்பா செய்தது சரி என்று ஆகிவிடும். நாமெல்லாம் பேய் இருக்கக் கூடாது என்று கும்பிடுவோம். அந்த மனுஷர் பேயாக இருக்கட்டும் என்று கும்பிட்டார்.

மெக்கானிக்கிடம் போகவே இல்லை. திங்கள்தோறும் பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டுத் தள்ளச் சொல்லுவார். தள்ளி முடித்து அவர்கள் மூச்சு வாங்கும்போது, "மாமாவுக்கு இந்த வண்டிமேல அப்படி ஒரு உயிர்" என்று குரலைத் தாழ்த்திச் சொல்லுவார். அவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். நாளடைவில் அதைச் சொல்லும்போது அவர் குரலில் பாசம்கூட வந்துவிட்டது. மாடிப்படியில் நின்று சித்தி இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவள்தான் எலெக்ட்ரீஷியனுக்கு ஃபோன் போட்டாள்.

கார் வயரிங் பார்க்கிற ஆள். பட்டப்பேர் மீட்டர். கையில் கரண்ட் அளக்கிற மீட்டர் இல்லாமல் யாரும் பார்த்ததில்லை. டீயைக்கூட மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பான் என்பார்கள். வாய் ஓயாது. பானெட்டைத் திறக்கும் முன்பே ஹாரன்தான் கோளாறு என்று பந்தயம் கட்டினான். சித்தி வற்புறுத்தியதால் சித்தப்பாவும் பக்கத்தில் வந்து நின்றார். நல்ல வெயில். அந்த வெயிலிலும் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

மீட்டர் பேட்டரியிலிருந்து ஒரு வயரைக் கழற்றி, பேட்டரிக்கும் அந்த வயருக்கும் நடுவில் ஒரு குட்டி பல்பைச் சேர்த்தான். வண்டியில் எல்லாம் அணைந்திருக்கும்போது இந்த பல்பு எரியக் கூடாது. எரிந்தால் எதுவோ திருட்டுத்தனமாகக் குடிக்கிறது என்று அர்த்தம் என்றான்.

பல்பு எரிந்தது.

சித்தி காருக்குள் உட்கார்ந்து ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்க, மீட்டர் வெளியே பல்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். எந்த ஃபியூஸைப் பிடுங்கும்போது பல்பு அணைகிறதோ, திருடன் அந்த வழியில் இருக்கிறான். ஹாரன் ஃபியூஸ் வந்தது. அணையவில்லை. மீட்டர் பந்தயத்தைப் பற்றிப் பேச்சை மாற்றினான். ரேடியோ, வைப்பர்... அணையவில்லை. உள் விளக்கு ஃபியூஸ் என்றபோது சித்தப்பா ஓரடி முன்னால் வந்தார். அதைப் பிடுங்கியும் பல்பு அப்படியேதான் எரிந்தது. சந்தேகத்துக்கு மீட்டர் உள்ளே தலையை விட்டு, கூரை விளக்கின் மூடியைக் கழற்றினான்.

உள்ளே பல்பே இல்லை.

அந்த விளக்கு எரியாததைச் சித்தப்பா எப்போதோ கவனித்திருந்தார். கிழவர் எரித்து எரித்தே பல்பு போய்விட்டது என்று நினைத்திருந்தார். அதையும் ஒரு சாட்சியாக மனசில் எழுதி வைத்திருந்தார்.

"அப்பா கழட்டிட்டார்," என்றாள் சித்தி. "முதல் தடவை நீங்க லைட்டைப் பத்திச் சொன்னீங்களே, அன்னிக்கே. மாப்பிள்ளைக்கு சந்தேகமே வேண்டாம்னு."

"நீ சொல்லவே இல்லையே?"

"எங்கயோ மோதின லாரிக்கு அடியில படுத்துப் பார்க்கறீங்க. சொந்த வண்டியில தலைய நிமிர்த்திப் பார்த்தா தெரியும்னு இருந்தேன்."

மீட்டர் இருமுகிற மாதிரி ஒரு சத்தம் பண்ணிவிட்டு வேலையைத் தொடர்ந்தான். கடைசி ஃபியூஸும் வந்துவிட்டது. எல்லாம் சித்தி மடியில் கிடந்தன. குட்டி பல்பு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. மீட்டர் தலையைச் சொறிந்தான். அவன் முதல் தடவையாக வாய் பேசாமல் நின்றது அப்போதுதான்.

"அப்ப இது வண்டி கோளாறு இல்லதானே?" என்று கேட்டார் சித்தப்பா.

கேட்ட குரலில் ஆசை இருந்தது. அது அவர் காதுக்கே கேட்டது. சித்தி காருக்குள்ளிருந்து திரும்பிப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

மீட்டர் பானெட்டுக்குள் முழங்கை வரை கையை விட்டு, டைனமோவிலிருந்து வரும் கனத்த வயரின் நட்டைத் தளர்த்தினான். ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவது அதுதான். அந்த வயர் ஃபியூஸ் வழியாகப் போவதில்லை. நட்டு கழன்றது. வயரை இழுத்தான்.

பல்பு அணைந்தது.

எண்ணெயும் கருகலும் கலந்த ஒரு வாடை வந்தது. மீட்டருக்குப் பேச்சு திரும்பிவிட்டது. உள்ளே டையோடு போய்விட்டது என்றான். மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டும் விடவேண்டிய கதவு மாதிரி அது. கதவு பெயர்ந்துவிட்டதால், ஓடும்போது பாதிதான் ஏற்றும். நிற்கும்போது ஏற்றினதையும் திருப்பி உறிஞ்சிக்கொள்ளும். தினம் ஓட்டினால் தெரியாது. ரெண்டு நாள் நிறுத்தினால் காலி; ராத்திரியில் ஹெட்லைட்டோடு ரொம்ப தூரம் ஓட்டிவிட்டு நிறுத்தினாலும் காலி. இன்றைக்கு நேற்று வந்த கோளாறும் இல்லை; கருகியிருப்பதைப் பார்த்தால் மாசக் கணக்காக இப்படித்தான் இருந்திருக்கவேண்டும்.

"இதுக்காக டிரைவரை வேலைய விட்டுத் தூக்கினவங்க எல்லாம் இருக்காங்க சார்," என்று சிரித்தான். "நீங்க யார் தலையில போட்டீங்க?"

சித்தி மடியில் இருந்த ஃபியூஸ்களை ஒன்றொன்றாக எடுத்துச் சொருக ஆரம்பித்தாள்.

டைனமோவைப் பட்டறைக்கு எடுத்துக்கொண்டு போனான் மீட்டர். பேட்டரியையும் கழற்றி, மெதுவாகச் சார்ஜ் ஏற்றவேண்டும் என்று தூக்கிக்கொண்டு போனான். வண்டி வயிறு காலியாக நின்றது.

அன்றைக்கு ராத்திரி...

சித்தப்பாவுக்குத் தூக்கம் வரவில்லை. சித்தி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். தூங்கவில்லை என்று மூச்சிலேயே தெரிந்தது. வீடு முழுக்க அமைதி. அப்போது கேட்டது.

கஃப்.

சின்னதாக. துணியை வைத்து அமுக்கின மாதிரி. கீழேயிருந்து. கொஞ்சம் நின்று... கஃப்... கஃப். நடுவில் மூச்சை இழுக்கும் விசில்.

சித்தியின் தோள் அசைந்தது. திரும்பவில்லை.

அவர் எழுந்தார். தாழ்ப்பாளைச் சத்தமில்லாமல் நகர்த்தப் பார்த்தார். அந்தத் தாழ்ப்பாள் எவ்வளவு மெதுவாக நகர்த்தினாலும் சத்தம் போடும், சத்தம் போடாமல் திறக்க எத்தனை பழக்கம் வேண்டும் என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. படி இறங்கினார். யாரும் இல்லை. சத்தமும் நின்றுவிட்டது. நேராகக் காருக்குத்தான் போனார். மாமா காரில்தான் இருப்பார் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. சாவி போட்டுப் பின் கதவைத் திறந்து உட்கார்ந்து, மெல்லச் சாத்திக்கொண்டார். ரப்பர் வாடை. தூசி. நாலு கண்ணாடியிலும் இருட்டு.

"மாமா," என்றார். "வண்டியிலதான் கோளாறு. பார்த்துட்டோம்."

சொன்னதும் அது எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று புரிந்தது. செத்தவருக்கு ரிப்போர்ட் வாசிக்கிற மாதிரி. மன்னிப்பு என்ற வார்த்தை அவர் வாயில் வந்து பழக்கமே இல்லை. தேடித் தேடி, கடைசியில் வந்தது வேறொன்று.

"இருமுங்க மாமா. இங்கயே உக்காந்து... சத்தமா இருமுங்க."

காத்திருந்தார்.

ஆள் இல்லாத வீட்டுக்குள் கால் வைத்தால் உடனே தெரியும் இல்லையா? அப்படித் தெரிந்தது. காரில் யாரும் இல்லை. எப்போதுமே இருந்ததில்லை.

கஃப்.

முதுகுக்குப் பின்னாலிருந்து. கட்டிடத்துக்குள்ளேயிருந்து. படியில்.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பாக்கெட்டைத் திருப்பிக் காட்டின காலையிலிருந்து அந்த மனுஷர் காருக்கு வரவே இல்லை. செத்த பிறகும் வரவில்லை. மாப்பிள்ளை வேண்டாம் என்ற இடத்தில் கால் வைக்காமல், எங்கே உட்கார்ந்திருந்தாரோ அங்கேயே... இவ்வளவு நாளும். இப்போதுதான் சித்தப்பா அந்தத் திருப்பத்தில் அவரைத் தாண்டி இறங்கி வந்திருக்கிறார். ஒருவேளை, தன் வேட்டி அவர்மேல் உரசுகிற தூரத்தில்.

மேலே போக வேறு படி கிடையாது.

இறங்கினார். முதல் படியில் கால் வைத்தார். இருமல் சட்டென்று நின்றது. ஓய்ந்து நின்றது இல்லை, அடக்கி நின்றது. வந்துகொண்டிருக்கும் இருமலை ஒருவர் பல்லைக் கடித்து விழுங்கினால் தொண்டைக்குள் ஒரு கரகரப்பு கேட்கும் பாருங்கள்... அது. மேலே, இருட்டில், திருப்பத்தில். மாப்பிள்ளை வருகிறார், தொந்தரவு ஆகக் கூடாது என்று.

சித்தப்பாவால் அடுத்த படி ஏற முடியவில்லை. பயத்தில்தானே என்று சிநேகிதன் கேட்டானாம். பயந்திருந்தால் ஓடி ஏறியிருப்பேன் என்றார். திரும்பிப் போய், காரில் உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, விடியும் வரை அங்கேயே கிடந்தார்.

மறுநாள் மீட்டர் வந்து எல்லாவற்றையும் பொருத்தினான். அதற்குப் பிறகு பேட்டரி ஒரு தடவைகூட இறங்கவில்லை. ராத்திரி எங்கே போனீர்கள் என்று சித்தி கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. அந்த வீட்டைக் காலி பண்ணிவிட்டு வேறு பக்கம் போய்விட்டார்கள்.

இவ்வளவுதான் சித்தப்பா சொன்னது. மிச்சம், என் சிநேகிதன் தானே பார்த்தது.

அவனுக்கு மனசு கேட்கவில்லை. ரொம்ப நாள் கழித்து, ஒரு சாயங்காலம், வாடகைக்கு வீடு பார்க்கிறவன் மாதிரி அந்தக் கட்டிடத்துக்குப் போனான். பழைய ஆட்கள் யாரும் இல்லை. எல்லாம் புதுக் குடித்தனம். பெரியவரைப் பற்றி ஒருத்தருக்கும் தெரியாது. இரண்டாவது மாடித் திருப்பத்துக்குக் கொஞ்சம் மேலே, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஒருவர் மளிகைப் பையோடு ஏறி வந்தார். அந்தத் திருப்பத்தில் மட்டும் உடம்பை ஒருக்களித்து, சுவரோரமாக ஒதுங்கி ஏறினார். அடுத்து வந்த பெண்ணும் ஃபோனில் பேசிக்கொண்டே அதே இடத்தில் ஒதுங்கினாள். ஏன் ஒதுங்கினீர்கள் என்று கேட்டான். நானா, நேராகத்தானே வந்தேன் என்று அவனை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனாள்.

கடைசியாக ஒரு சின்னப் பெண் குழந்தை வந்தது. இப்போதுதான் தனியாகப் படி ஏறப் பழகியிருக்கிறது. அம்மா பின்னாலேயே வருகிறாள். அது ஒதுங்கவில்லை. திருப்பத்தில் நின்றது. காலிப் படியை நிமிர்ந்து பார்த்தது. வயசான ஒருத்தர் காலை மெதுவாக மடக்கி வழி விடுவதற்கு எவ்வளவு நேரம் பிடிக்குமோ, அவ்வளவு நேரம் பொறுமையாக நின்றது...

அப்புறம் ஏறி வந்தது.